விழாது, ஆனால் பழக வேண்டும்: சாய்வு முச்சக்கர மிதிவண்டிக்கு ஓர் அறிமுகம்

மிதிவண்டி ஓட்டத் தெரியாத மாணவர்கள் நம் நடுவே பலர் உள்ளனர். அதை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. பள்ளி விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போய் மிதிவண்டி வாடகைக்கு எடுக்கலாம் என்று நண்பர்கள் திட்டம் போட்டால், “எனக்கு அன்று வேறு வேலை இருக்கிறது” என்று நழுவிவிடுவார்கள். சிலருக்குச் சிறு வயதில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அமைந்திருக்காது. சிலருக்கு உள்காதில் கோளாறு இருக்கும். தலை சற்றுத் திரும்பினாலே உலகம் சுற்றும். சிலருக்குப் பெருமூளை வாதத்தால் ஒரு பக்கக் கை கால்கள் இறுகியிருக்கும். முதுகு வலியாலோ மணிக்கட்டு வலியாலோ ஓட்டுவதை விட்டவர்களும் உண்டு.

இவர்கள் எல்லாருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “விழுந்து எழுந்தால் தானாக வந்துவிடும்.” எல்லா உடலுக்கும் அது பொருந்தாது. இரண்டு சக்கரங்களின்மேல் சமநிலையுடன் உட்காரத் தெரிந்தவருக்கு மட்டும்தான் மிதிவண்டி என்று எந்த விதியும் இல்லை. சமநிலையே தேவைப்படாத ஒரு மிதிவண்டி பல பத்தாண்டுகளாக உலகில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாய்வு நாற்காலியில் அமர்ந்ததுபோல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் முச்சக்கர வண்டி அது. ‘ரிகம்பென்ட் டிரைக்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நம் பூங்கா இணைப்புப் பாதைகளில் எப்போதாவது ஒரு சிறு கொடி ஆட, தரையை ஒட்டி ஒன்று கடந்து போவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அதை ஓட்டத் தொடங்குவது எளிது. பாதுகாப்பாக ஓட்டக் கொஞ்சம் பழக வேண்டும். சாதாரண மிதிவண்டியில் கேட்டறியாத சில ஆபத்துகள் இதில் இருப்பதே அதற்குக் காரணம்.

பினாங்கு டிரைஷாவும் குழந்தைகளின் வண்டியும்

மூன்று சக்கரங்களை இரண்டு விதமாக அமைக்கலாம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் டிரைஷாவில் ஏறியவர்களுக்கு முதல் வகை நன்றாகத் தெரியும். பயணி முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இருபுறமும் ஒவ்வொரு சக்கரம். ஓட்டுநருக்குக் கீழே, பின்னால், மூன்றாவது சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற இந்த அமைப்பைத் தலைப்பிரட்டை வடிவம் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் தலை அகன்று வால் ஒடுங்கித் தெரியும்.

இரண்டாவது வகைக்குக் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியே உதாரணம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. இது முக்கோண வடிவம். பின்னால் கூடை வைத்து ஈரச்சந்தைக்குப் போய்வரும் முதியவர்களின் வண்டிகளும் இந்த வகைதான்.

சாய்வு வண்டிகள் இரண்டு வடிவத்திலும் கிடைக்கின்றன. தலைப்பிரட்டை வடிவத்தில் இருக்கை தாழ்வாக, இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே அமையும். வளைவில் அது உறுதியாக நிற்கும். முக்கோண வடிவத்தில் இருக்கை பெரும்பாலும் சற்று உயரமாக இருக்கும். முழங்கால் பலம் குறைந்தவர்கள் உட்காரவும் எழவும் அது வசதி. ஆனால் வேகமாகத் திரும்பினால் கவிழும் வாய்ப்பு அதில் அதிகம். எது நல்லது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழ முடியுமா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சிரமமாக இருந்தால் உயரமான இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்.

வேகம் குறைவு என்பதால் ஒதுக்கப்படவில்லை

இவ்வளவு வசதியான வண்டி ஏன் அரிதாக இருக்கிறது? விலை ஒரு காரணம். புதிய வண்டி ஒன்றுக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். இன்னொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, பாரிசில், பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் சார்ல்ஸ் மோஷே வடிவமைத்த இருசக்கரச் சாய்வு மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914இல் சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் படைத்திருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை முறிந்தது. ஃபோர் அக்காலத்து முன்னணி வீரர்களில் ஒருவர் அல்லர். சாய்ந்த உடல் காற்றைக் குறைவாக எதிர்த்ததே அவருக்குக் கைகொடுத்தது. அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் இதை விவாதித்தது. பந்தய மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்று 1934இல் அது வகுத்த வரையறையில் சாய்வு மிதிவண்டிக்கு இடம் கிடைக்கவில்லை. பெரும் பந்தயங்களில் காணாத வண்டியைத் தொழிற்சாலைகள் செய்யவில்லை, கடைகள் விற்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

மூன்று சக்கரத்துக்கும் தனிப் பெருமை உண்டு. பிரிட்டனின் மைக் பரோஸ் ‘விண்ட்சீட்டா’ என்ற தலைப்பிரட்டை வடிவச் சாய்வு வண்டியை உருவாக்கினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் மிதிவண்டிக்கு அடித்தளமிட்ட வடிவமைப்பும் இவருடையதே. 1996இல் ஆண்டி வில்கின்சன், காற்றைக் கிழிக்கும் கூடு பொருத்திய விண்ட்சீட்டாவில், பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனைவரை ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் தொலைவை 41 மணி 4 நிமிடம் 22 விநாடிகளில் கடந்தார்.

இன்று பிரிட்டனின் ஐசிஇ, ஜெர்மனியின் எச்பி வெலோடெக்னிக், அமெரிக்காவின் கேட்ரைக், டெர்ராடிரைக், ஆஸ்திரேலியாவின் கிரீன்ஸ்பீட் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. உலகப் பயணம் செல்வோரும், பக்கவாதத்திலிருந்து தேறி வருவோரும் ஒரே கடையில் ஒரே வண்டியைச் சோதித்துப் பார்ப்பது இத்துறையில் வியப்பில்லை.

முதலில் உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் பாடம் வண்டி நகர்வதற்கு முன்பே தொடங்குகிறது. சாய்வு முச்சக்கர வண்டிகள் பலவற்றில் நிறுத்து பிரேக் ஒன்று இருக்கும். பிரேக்கைப் பிடித்த நிலையில் பூட்டி வைக்கலாம். அதைப் பூட்டாமல் உட்கார முயன்றால் வண்டி பின்னால் உருண்டு ஓடும். நீங்கள் தரையில் உட்காருவீர்கள். பூட்டுங்கள். இருக்கைக்கு முன்னால் திரும்பி நின்று, இருக்கையின் ஓரங்களைப் பிடித்தபடி மெதுவாக இறங்குங்கள். எழும்போதும் அப்படியே. பூட்டிய பிறகே கால்களைத் தரையில் வையுங்கள்.

அடுத்தது கால் அளவு. பெடல்கள் வண்டியின் முன்னால் நீளும் குழாயின் நுனியில் இருக்கும். அந்தக் குழாயை நீட்டவும் சுருக்கவும் முடியும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை உங்களிடமிருந்து மிகத் தூரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போது கால் நேராகி விட வேண்டும். ஆனால் இடுப்பு இழுபடக்கூடாது. பிறகு வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. குழாய் குட்டையாக இருந்தால் முழங்கால் வலிக்கும். நீளமாக இருந்தால் இடுப்பு இருக்கையில் புரளும். நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கால் பெடலை விட்டு நழுவக்கூடாது

சாதாரண மிதிவண்டியில் தடுமாறினால் காலைக் கீழே ஊன்றுவோம். அந்தப் பழக்கம் இந்த வண்டியில் எலும்பை முறிக்கும்.

காரணத்தைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் கால்கள் முன்னால் இருக்கின்றன. வண்டி முன்னோக்கிப் போகிறது. பாதம் பெடலிலிருந்து நழுவிக் குதிகால் தரையைத் தொட்டால், தரை அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். உங்கள் உடலும் வண்டியும் அந்தக் காலின்மேலேயே ஏறிப் போகும். கால் இரும்புச் சட்டத்துக்கு அடியில் சிக்கும். மிதமான வேகத்திலும் கணுக்கால் முறியும்.

ஆகவே பாதத்தைப் பெடலோடு பிடித்து வைக்க ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். குதிகாலைத் தாங்கும் பட்டையுடன் கூடிய பெடல் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஏற்றது. காலணியின் அடிப்பகுதி பெடலில் மாட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. வண்டி விழாது என்பதால், நிற்கும்போதுகூடக் காலை விடுவிக்க அவசரமில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காலைப் பெடலிலேயே வைத்திருக்கலாம். போக்குவரத்து விளக்குக்காகக் காத்திருக்கும்போது மற்ற ஓட்டுநர்கள் ஒற்றைக் காலில் நிற்க, நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

முழங்காலைக் காப்பாற்றும் கியர்

சாதாரண மிதிவண்டியில் மேட்டில் எழுந்து நின்று உடல் எடையால் அழுத்தலாம். இதில் எழுந்து நிற்க முடியாது. அதற்கு மாறாக முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்துக் காலால் தள்ள முடியும். அப்படித் தள்ளும் விசை உங்கள் எடையையும் மிஞ்சக்கூடும்; அது முழுவதும் முழங்கால் வழியாகவே போகும். முதல் வாரத்திலேயே பலருக்கு முழங்கால் வலி வருவது இதனால்தான்.

கடினமான கியரில் மெதுவாக அழுத்துவதைவிட, இலேசான கியரில் விரைவாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் கால் சுழன்றால் நல்லது. மேட்டில் நடக்கும் வேகத்துக்கு இறங்கினாலும் கவலை இல்லை; மூன்று சக்கரங்கள் உங்களைத் தாங்கும். நிற்பதற்கு முன்பே இலேசான கியருக்கு மாறிவிடுங்கள். சங்கிலி ஓடினால்தான் பெரும்பாலான வண்டிகளில் கியர் மாறும்; நின்ற பிறகு மாற்ற நினைத்தால் முடியாது.

முன்பே மிதிவண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கும் இங்கு முதல் சில வாரங்கள் கால் சோர்வாக இருக்கும். படுத்த நிலையில் மிதிக்கத் தசைகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. தொடக்கத்தில் 20 நிமிடம் போதும். படிப்படியாகக் கூட்டுங்கள்.

வளைவில் இயற்பியல்

தலைப்பிரட்டை வடிவ வண்டிகளில் பொதுவாக இடக்கைப் பிரேக் இடது முன்சக்கரத்துக்கும், வலக்கைப் பிரேக் வலது முன்சக்கரத்துக்கும் போகும். ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே அளவில் பிடியுங்கள்.

இயற்பியல் வகுப்பில் வட்ட இயக்கம் படித்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். ஒரே வளைவில் வேகத்தை இரு மடங்காக்கினால், வண்டியைத் திருப்பத் தேவையான பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் சுலபமாகத் திரும்பிய அதே வளைவில் 20 கிலோமீட்டரில் போனால், உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழக்கூடும். இருசக்கர வண்டி வளைவுப் பக்கம் தானே சாய்ந்து இதைச் சமாளிக்கிறது. முச்சக்கர வண்டி சாயாது. சாய வேண்டியது உங்கள் உடல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். திரும்பும் பக்கம் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். வளைவின் நடுவில் பலமாகப் பிரேக் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று: இந்த வண்டிக்குத் தரையில் மூன்று தடங்கள் உண்டு. ஒரு குழியை முன்சக்கரம் தப்பித்தாலும் பின்சக்கரம் இறங்கிவிடலாம். வடிகால் மூடிகளின் நீண்ட இடைவெளிகளைத் தொலைவிலேயே கவனியுங்கள். பின்னால் போகவேண்டும் என்றால் ரிவர்ஸ் கியர் கிடையாது. கைகளால் முன்சக்கர டயர்களைப் பிடித்துப் பின்னோக்கி உருட்டினால் போதும்.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

உங்கள் தலை ஒரு காரின் சன்னல் உயரத்தில் அல்லது அதற்கும் கீழே இருக்கும். நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் செடிவேலிகளுக்கும் பின்னால் நீங்கள் மறைந்துபோவீர்கள். அதனால் மூன்று பொருள்கள் இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

முதலாவது, பெரியவர் ஒருவரின் தலை உயரத்துக்கு எழும் கம்பத்தில் பளிச்சென்ற கொடி. இரண்டாவது, பின்புறக் கண்ணாடி, இரு பக்கமும் ஒவ்வொன்று. சாய்ந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினம். மூன்றாவது, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பகலிலும் அவற்றை எரியவிடுவது நல்லது.

பக்கச் சாலைகளிலும் கார் நிறுத்துமிட வாயில்களிலும் உங்கள் கால்கள் உங்கள் கண்களுக்கு ஒரு மீட்டர் முன்னால் போகின்றன என்பதை மறக்காதீர்கள். நீங்கள் சாலையைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் பாதங்கள் சாலைக்குள் போயிருக்கும். தடுப்புச் சுவர் முடியும் இடங்களில் முழுதாக நின்று, பிறகு மெல்ல நகருங்கள்.

சிங்கப்பூரில் ஓட்ட

இங்கு நடைபாதையில் மிதிவண்டியின் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர். 2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதைக்குப் பக்கத்தில் நடப்போருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டுள்ள பாதையில் மிதிவண்டி ஓட்டக்கூடாது. சாலையில் ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம். விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. சாய்வு முச்சக்கர வண்டிகளில் பல 70 செண்டிமீட்டருக்கு மேல் அகலமானவை. வாங்கும் முன் அகலத்தை அளந்து, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள விதிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிகளுக்குக் குறைந்தது 16 வயது, கோட்பாட்டுத் தேர்வு, ஆணையத்தின் ஒப்புதல் எனத் தனி விதிகள் உண்டு. சொந்தமாக மோட்டார் வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

அடுத்த கேள்வி, எங்கே வைப்பது? வீவக வீட்டின் பொது நடைபாதையில் அவசரகாலத்தில் வெளியேறுவதற்குக் குறைந்தது 1.2 மீட்டர் இடம் விட வேண்டும். ஆகவே வண்டி வீட்டுக்குள்தான் வர வேண்டியிருக்கும். மடிக்கும் வகை உதவும். மின்தூக்கியின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். சில வண்டிகளைப் பின்பக்கமாக நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்தி ஏற்றலாம். எம்ஆர்டியில் மடித்த மிதிவண்டி 120க்கு 70க்கு 40 செண்டிமீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். மடித்த சாய்வு வண்டி பெரும்பாலும் அதைவிடப் பருமனாக இருக்கும். வீட்டிலிருந்தே தொடங்கி வீட்டிலேயே முடியும் பாதையைத் திட்டமிடுவது நல்லது.

நம் வெயிலுக்கும் கொஞ்சம் தயாராக வேண்டும். சாய்ந்து படுத்தால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். முன்விளிம்புள்ள தலைக்கவசம், குளிர்கண்ணாடி, கையெட்டும் இடத்தில் தண்ணீர் வேண்டும். வலைத்துணி இருக்கை முதுகில் காற்றை விடும். மழையில் முன்சக்கரங்கள் இரண்டும் தண்ணீரை உங்கள்மேலேயே வாரி இறைக்கும்; சேற்றுக்காப்பு பொருத்துங்கள். இடி இடித்தால் ஒதுங்கிவிடுங்கள்.

முதல் மாதத்துக்கு ஒரு திட்டம்

உடல்நலக் காரணத்துக்காக இந்த வண்டியை நாடுவோர் முதலில் மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ பேசுங்கள். எந்த இருக்கை உயரம், எந்த வகைப் பெடல், ஒரு கையால் மட்டும் பிரேக் பிடிக்கும் அமைப்பு தேவையா என்பதை அவர்கள் சொல்வார்கள். இரண்டு பிரேக்குகளையும் ஒரே கைப்பிடியில் இணைக்கும் வசதி இருக்கிறது.

முதல் வாரம், கூட்டமில்லாத வார நாள் காலையில் அகலமான பூங்காப் பாதைக்குப் போங்கள். உட்காருவது, எழுவது, இரு கைப் பிரேக்கையும் சமமாகப் பிடித்துக் குறித்த கோட்டில் நிற்பது. இவை மட்டும் போதும். இரண்டாம் வாரம், நடக்கும் வேகத்தில் எட்டு வடிவத்தில் சுற்றி, உடலைச் சாய்க்கப் பழகுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி பாம்புபோல் நெளியும், விரல்களைத் தளர்த்துங்கள். மூன்றாம் வாரம், கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் வருவது யார் என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கியர் மாற்றுவதும் அப்போதே. நான்காம் வாரம், துணைக்கு ஒருவரோடு ஒரு முழு மணி நேரப் பயணம். சாலைக்கு இன்னும் அவசரமில்லை.

வாங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வகை வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். பழைய வண்டி வாங்கினால் முன்சக்கரங்கள் இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டயர் சில வாரங்களில் தேயும். வண்டியும் கனமாக ஓடும்.

அடுத்த விடுமுறையில் நண்பர்கள் மிதிவண்டித் திட்டம் போடும்போது, ஒருவர் மட்டும் “வேறு வேலை இருக்கிறது” என்று சொன்னால், ஏன் என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஓட்டத் தெரியாது என்பது பதிலாக இருந்தால், இரண்டு சக்கரத்தை அவர்மேல் திணிக்க வேண்டாம். மூன்று சக்கரத்தில் உட்கார வைத்து, கால் அளவைச் சரிசெய்து, பட்டையைக் கட்டிவிட்டு, முதல் நூறு மீட்டர் அவரோடு கூடவே நடந்து செல்லுங்கள்.